மானியம் கொட்டகைக்கா, கறந்த பாலுக்கா?

பால் உற்பத்தியைப் பெருக்குவது பற்றி நம் மலேசியாவில் அறிவிப்பு வரும்போதெல்லாம் பெரிய பண்ணை, இறக்குமதிக் கிடாரி, கறவை இயந்திரம், எளிய கடன் என்றுதான் பேச்சு போகிறது. பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் செம்பனைத் தோட்டங்களின் ஓரத்தில் பத்துப் பதினைந்து மாடுகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் நம்மவர்களை, தைப்பூசம் நெருங்கும்போது பால்குடத்துக்காக நாம் தேடிப் போகிறோமே தவிர, மானியம் அவர்களைத் தேடிப் போவது அபூர்வம். அரசுப் பணம் பண்ணையின் அளவைப் பார்த்து முன்கூட்டியே போகாமல், ஊற்றிய பாலின் லிட்டர் கணக்கைப் பார்த்துப் போக வேண்டும் என்பது என் கருத்து.

நெகிரி செம்பிலானில் தொடங்கிய கெமாஸ் மாட்டுப் பண்ணைத் திட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது இறைச்சி மாட்டுத் திட்டம், பால் பண்ணை அல்ல. ஆனாலும் 25 கோடி ரிங்கிட் எளிய கடன் ஒதுக்கப்பட்ட அத்திட்டம் இலக்கை எட்டவில்லை என்று 2011இல் வெளிவந்த தணிக்கை அறிக்கை சொன்னபோது, முன்பணமாகக் கொட்டிக் கொடுப்பதன் ஆபத்து ஊருக்கே தெரிந்தது. பால் சேகரிப்பு நிலையத்தில் அப்படி நடப்பது கடினம். கேனைத் திறந்ததும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள், கொழுப்புச் சோதனைக்கு மாதிரி எடுக்கிறார்கள், அதன் பிறகே அளவைப் பதிகிறார்கள். இல்லாத மாட்டுக்கு அங்கே கணக்கு எழுத முடியாது.

தமிழ்நாட்டில் பசும்பாலுக்குக் கூட்டுறவுப் பால் நிறுவனமான ஆவின் கொடுக்கும் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 35 ரூபாயானது. 2023 டிசம்பர் 18 முதல் அரசு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்ததால் அது 38 ஆனது. இரண்டு மாடு வைத்திருப்பவருக்கும் இருபது மாடு வைத்திருப்பவருக்கும் லிட்டருக்கு அதே 3 ரூபாய்தான். ஊக்கத்தொகை நிலுவையில் நிற்கிறது என்ற புகாரும் அங்கே எழுந்தது. தீவனக் கடைக்காரர் அரசாணையைப் பார்த்துக் கடன் கொடுக்க மாட்டார், ஆகவே பால் பணத்தோடு சேர்த்தே மானியமும் கைக்கு வர வேண்டும்.

மானியமே வேண்டாம், நியூசிலாந்தைப் பாருங்கள் என்பவர்களும் உண்டு. அந்நாடு 1984இல் விவசாய மானியங்களை வெட்டத் தொடங்கியது உண்மைதான். ஆனால் அங்கே குளிர்ந்த காற்றும் பரந்த மேய்ச்சல் நிலமும் இருக்கின்றன. இங்கே உச்சிவெயிலில் குளிர்நாட்டு இனமான ஃபிரீசியனின் கலப்பு மாடு நாக்கைத் தள்ளி மூச்சிரைக்கும், தீனியைக் குறைத்துக்கொள்ளும், மாலைக் கறவையில் பால் இறங்கிவிடும். செம்பனை விதைப் புண்ணாக்கு உள்ளூரில் கிடைத்தாலும் சோளமும் சோயாவும் கப்பலில் வருவதால், ரிங்கிட் சரிந்தால் தீவன மூட்டையின் விலை ஏறும். இத்தனைக்கும் நடுவில் அதே நியூசிலாந்திலிருந்து வரும் பால் மாவோடு நம் ஆட்கள் போட்டி போட வேண்டும்.

லிட்டர் கணக்கில் கொடுக்க முடிவெடுத்தாலும் நிலம் என்ற முட்டுக்கட்டை நிற்கிறது. உதவிக்கு விண்ணப்பிக்கப் போனால் நில ஆவணம் கேட்பார்கள். தோட்ட நிர்வாகத்தின் வாய்மொழி அனுமதியில் கொட்டகை போட்டவர் எதைக் காட்டுவார்? தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்தால் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு கிளம்ப வேண்டியவர் அவர். தற்காலிக நில உரிமம் கிடைத்தாலும் அது அந்தந்த ஆண்டு டிசம்பர் 31இல் காலாவதியாகிவிடும், அதை நம்பிச் சிமெண்டுத் தரை போட யாருக்கும் துணிவு வராது. ஆகவே மாநில அரசு செபராங் பிறையில் கொட்டகைக்கும் நேப்பியர் தீவனப் புல் வளர்ப்புக்கும் பொதுவாக ஓரிடத்தை ஒதுக்கி, மாடு வளர்ப்போரின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் குறைந்தது 15 ஆண்டுக் குத்தகைக்கு விட வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே கேட்க வேண்டும்.