நல்ல எஜமானின் கடன் பத்திரம்

அடிமைமுறை பற்றிய பழைய அமெரிக்க நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்து விழும். "படிச்சிட்டு அழுதுட்டேன்" என்பது ஒன்று. "ஒரு நாவல்தான் உள்நாட்டுப் போரையே மூட்டியது" என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். "இந்தப் பெரிய போரைத் தொடங்கிவைத்த சின்னப் பெண்மணி நீங்கள்தானா" என்று 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலை எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவிடம் அதிபர் லிங்கன் கேட்டதாகச் சொல்வார்கள். இருவரும் சந்தித்தது 1862-இல். அந்த வசனம் அச்சுக்கு வந்ததோ முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, இருவருமே இறந்த பிறகு. ஆளாளுக்குப் பகிர வசதியான வசனம், அவ்வளவுதான்.

அழுகைதான் உண்மையான பிரச்சினை. 'அங்கிள் டாம்ஸ் கேபின்' 1852 மார்ச்சில் புத்தகமாக வந்து, ஒரே ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் மூன்று லட்சம் படிகள் விற்றது. குட்டிப் பெண் ஈவா சாகும் இடத்தில் ஊரே அழுதது. அந்தக் கண்ணீர் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். அன்றைய பதிப்புரிமைச் சட்டத்தில் நாடக உரிமை எழுத்தாளருக்கு இல்லை. யார் வேண்டுமானாலும் மேடையேற்றலாம், ஏற்றினார்கள். முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்கள் நாவலின் நாயகனான அடிமை டாமைக் கூன் விழுந்த, பல்லிளிக்கும் கிழவனாக்கினார்கள். 'அங்கிள் டாம்' என்பது கறுப்பின மக்களிடையே மிக மோசமான வசைச்சொல்லாக மாறியதில் அந்த மேடைகளின் பங்கு பெரிது. நாவலில் வரும் டாம் நடுவயதுக்காரன், திடகாத்திரமானவன். சக அடிமைப் பெண்ணைச் சவுக்கால் அடி என்றதற்கு மறுக்கிறான். தப்பி ஒளிந்த இரண்டு பெண்கள் எங்கே என்று கேட்டபோது வாய் திறக்கவில்லை, அதற்காகவே அடித்துக் கொல்லப்படுகிறான். காட்டிக்கொடுக்காமல் செத்தவன் பெயர் காட்டிக்கொடுப்பவனுக்கு வைக்கும் பெயராகிவிட்டது.

இரக்கம் கெட்டுப்போகும் பண்டம். அப்படியானால் இந்த நாவல்களில் கெடாமல் நிற்பது எது? என் பார்வையில், எஜமான் நல்லவராக இருந்தால் அடிமைமுறை அவ்வளவு மோசமில்லை என்ற 'நல்ல எஜமான்' வாதத்தை அவை பிரித்துப் போட்ட விதம்.

'அங்கிள் டாம்ஸ் கேபின்' என்றதும் நினைவுக்கு வருபவன் சவுக்கோடு நிற்கும் சைமன் லெக்ரீ. நாவலில் மொத்தம் 45 அத்தியாயங்கள். லெக்ரீ டாமை ஏலத்தில் எடுப்பது 30-ஆவது அத்தியாயத்தில். அதாவது மூன்றில் இரண்டு பங்கு வரை டாமின் எஜமான்கள் கண்ணியமானவர்கள்தான். முதல் எஜமான் ஷெல்பி யாரையும் அடிக்கிறவர் அல்ல. ஆனால் கடனாளி. அவருடைய கடன் பத்திரங்கள் ஹேலி என்ற அடிமை வியாபாரியின் கைக்குப் போய்விடுகின்றன. கணக்கை நேர்செய்ய டாமையும், எலைசா என்ற அடிமைப் பெண்ணின் சின்ன மகனையும் விற்கிறார். கொடூரத்தை எங்கே தேடுவது? ஒரு கனவான் கடனை ஒழுங்காக அடைக்கிறார், அவ்வளவுதான்.

இரண்டாவது எஜமான் செயின்ட் கிளேர் இன்னும் நல்லவர். டாமுக்கு விடுதலை என்று சொல்லிவிட்டார், சட்டப்படியான வேலையையும் தொடங்கிவிட்டார். முடிப்பதற்குள் ஒரு கஃபேயில் இரண்டு குடிகாரர்களின் சண்டையை விலக்கப் போய்க் கத்திக்குத்தில் சாகிறார். மனைவி எல்லோரையும் ஏலக் கிடங்குக்கு அனுப்புகிறாள். இங்கே ஸ்டோ ஒரு நுட்பம் செய்திருக்கிறார், பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். செயின்ட் கிளேர் சாவதற்குச் சற்று முன்பு, அவருடைய உறவுக்காரி ஒஃபீலியா, டாப்ஸி என்ற சிறுமியைத் தன் பெயருக்கு எழுதித் தரச்சொல்லி அடம்பிடிக்கிறாள். "பிறகு பார்க்கலாம்" என்றவரை விடாமல், உட்காரவைத்து எழுதி வாங்குகிறாள். டாப்ஸி தப்புகிறாள், டாம் ஏலத்துக்குப் போகிறான். இரண்டு பேருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் ஒரு கையெழுத்து. அடிமைமுறையில் நல்ல மனசுக்கு என்ன மதிப்பு என்பதற்கு இதைவிடக் கச்சிதமான கணக்கு வேறெங்கும் பார்த்ததில்லை.

சுருக்கப் பதிப்புகளை நான் யாருக்கும் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுதான். சுருக்குகிறவர் கை முதலில் இந்த மாதிரி இடங்களில்தான் விழும். எலைசா மகனோடு தப்பிப் பனிக்கட்டி ஆற்றைத் தாண்டும் காட்சி மிஞ்சும், பத்திரம் போய்விடும். முழுதாகப் படிக்க நேரமில்லையென்றால் 1, 9, 28, 29, 30 ஆகிய அத்தியாயங்களையாவது முழுப் பதிப்பில் படியுங்கள். ஒன்பதாவதில் வரும் ஓஹையோ செனட்டர், தப்பியோடியவர்களுக்கு உதவுவதைத் தடுக்கும் சட்டத்தை ஆதரித்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். எலைசா அந்த வீட்டுக்கே வந்து நிற்கிறாள். பின்னணியில் இருப்பது 1850-இன் தப்பியோடிய அடிமைகள் சட்டம். பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது, ஜூரி கிடையாது. 'இவர் அடிமைதான்' என்று முடிவு செய்தால் விசாரிக்கும் ஆணையருக்கு 10 டாலர், 'இல்லை' என்றால் 5 டாலர். இந்த விவரம் தெரிந்து படித்தால் அந்த அத்தியாயத்தின் சூடு வேறு.

மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலுக்கு வாருங்கள். அமெரிக்கப் பதிப்பு 1885-இல் வந்தபோது அடிமைமுறை ஒழிந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. பிறகு ட்வைன் எதை எதிர்த்தார்? மனசாட்சியை. ஊர் வளர்த்துவிட்ட மனசாட்சியை. 31-ஆவது அத்தியாயத்தில், தன்னோடு தப்பி வந்த அடிமை ஜிம் இருக்குமிடத்தை அவனுடைய எஜமானிக்குச் சொல்லிக் கடிதம் எழுதியதும் சிறுவன் ஹக்குக்குப் பாவம் கழிந்தது போல இருக்கிறது. பிறகு அதைக் கிழித்துப் போட்டு, நரகத்துக்கே போகிறேன் என்று முடிவெடுக்கிறான். தான் செய்வது சரி என்று அவன் கடைசிவரை நினைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 'மனசாட்சிப்படி நட' என்ற அறிவுரையின் அடியிலேயே கை வைத்த பக்கம் அது.

இங்கேயும் நல்ல எஜமானி உண்டு. மிஸ் வாட்சன் பக்தியுள்ளவர். ஜிம்முக்கு 800 டாலர் தருகிறேன் என்று ஒருவன் சொன்னதும் பக்தி ஆட்டம் காண்கிறது, ஜிம் ஓடுகிறான். பிறகு அந்தம்மா உயிலில் அவனுக்கு விடுதலை எழுதிவிட்டுச் சாகிறார். அது தெரிந்தும் ஹக்கின் நண்பன் டாம் சாயர் வெளியே சொல்லாமல், பிடிபட்டு அடைபட்டுக் கிடக்கும் அந்த விடுதலையான மனிதனை வைத்தே 'தப்பிக்கும்' விளையாட்டு ஆடுகிறான். கடைசிப் பகுதி சொதப்பல் என்று பலர் சொல்வார்கள், நானும் பாதி ஒத்துக்கொள்வேன். ஆனால் ஒரு சிறு எண் உறுத்துகிறது. மோசடிப் பேர்வழி ஜிம்மை விற்றது 40 டாலருக்கு. 'பொறுமையாகக் கைதியாக இருந்ததற்கு' டாம் சாயர் அவனுக்குக் கொடுப்பதும் அதே 40 டாலர். 2011-இல் ஒரு பதிப்பு, நாவலில் கறுப்பினத்தவரைக் குறிக்க இருநூறு தடவைக்கு மேல் வரும் இழிசொல்லை எடுத்துவிட்டு 'அடிமை' என்று போட்டது. தப்பு என்பது என் கருத்து. அந்தச் சொல் ஹக்கின் வாயிலும் வருகிறது என்பதில்தானே விஷயமே இருக்கிறது.

டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) இந்த வாதத்தின் கடைசி ஆணி. கார்னர் என்ற எஜமான் தன் அடிமைகளை 'ஆண்பிள்ளைகள்' என்று பெருமையாகச் சொல்வார், துப்பாக்கிகூடக் கொடுப்பார். அவர்களில் ஒருவனான ஹாலே ஐந்து ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே உழைத்துத் தன் தாயை விலைகொடுத்து மீட்கிறான். கார்னர் சாகிறார். அடுத்து வரும் 'ஸ்கூல் டீச்சர்' வெளிவேலையை நிறுத்துகிறான். ஹாலேயின் மனைவி சேதேயின் குணங்களை மனிதக் குணம் ஒரு பக்கம், விலங்குக் குணம் மறு பக்கம் என்று மாணவர்களை எழுதவைக்கிறான். இன்னொரு அடிமையான பால் டி தன் விலை 900 டாலர் என்று காதால் கேட்கிறான். கார்னர் தந்ததாக நினைத்த ஆண்மை முழுக்க அவர் மூச்சு ஓடும்வரைதான்.

நாவலில் சேதே தன் மகளைக் கொல்கிறாள்; இதற்கு விதையான வழக்கு நிஜம். 1856 ஜனவரி, உறைந்த ஓஹையோ ஆற்றைத் தாண்டி கென்டக்கியிலிருந்து சின்சினாட்டிக்குத் தப்பி வந்த மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண், பிடிக்க வந்தவர்கள் உள்ளே நுழைந்தபோது இரண்டு வயது மகளைக் கொன்றார். நீதிமன்றத்தில் நடந்தது விசித்திரமான சண்டை. அவருக்காக வாதாடிய வழக்கறிஞர்தான் அவர்மேல் கொலை வழக்கு போடுங்கள் என்று கேட்டார். கொலைக் குற்றவாளி என்றால் அவர் மனுஷி, ஓஹையோவில் விசாரிக்கலாம், காப்பாற்ற வழி உண்டு. சொத்து என்றால் உரியவரிடம் திருப்பித் தர வேண்டும். ஆணையர் சொத்து என்றே முடிவு செய்தார். ஓஹையோவின் கைது ஆணை கென்டக்கிக்குப் போய்ச் சேர்வதற்குள், எஜமான் அவரை ஊர் ஊராக மாற்றித் தெற்கே கப்பலேற்றிவிட்டார்.