பூநாரை இல்லாத படமும் எடுங்கள்

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் பூநாரைகள் இறங்கிவிட்டால் போதும், ரேடியல் சாலை ஓரம் கேமராக்கள் வரிசைகட்டி நிற்கும். தூரத்துப் பறவையைக் கிட்டே இழுத்துக் காட்டும் 600 எம்.எம். லென்ஸில் எடுத்த படங்கள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பெருங்குடிக் குப்பைமேடு, சாலை, அடுக்குமாடிகள் எதுவும் அதில் விழாது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த சதுப்புநிலம் இன்று எப்படி இருக்கிறது என்று அந்தப் படத்தை வைத்து யாரும் சொல்ல முடியாது.

ஆவணத்துக்கு வேண்டியது ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், வருஷா வருஷம் எடுத்த சலிப்பூட்டும் படங்கள். செல்போனே போதும். பெரிதாக்காத 1எக்ஸ் லென்ஸ் மட்டும். அகலமாகக் காட்டும் அல்ட்ரா வைடு ஓரங்களை இழுத்துவிடும்.

நிற்குமிடத்துக்கு ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். போன் ஜிபிஎஸ் நல்ல வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும். பாலத்தின் கைப்பிடிச்சுவர் மாதிரி அசையாத ஒன்றின் அருகில் நின்று, பக்கத்துக் கம்பமும் தூரத்துக் கட்டட முனையும் ஒரே கோட்டில் வருகிறதா பாருங்கள். அரை மீட்டர் நகர்ந்தாலே கோடு விலகிவிடும். மரத்தை அடையாளமாக வைத்தால், அதை வெட்டுகிற அன்று உங்கள் தொடரும் முடிந்தது. கேமராவின் உயரம், திசைகாட்டி டிகிரி இரண்டையும் எழுதிவையுங்கள். நிற்குமிடத்தையும் ஒரு படம் எடுத்துவைத்தால், நாளை வேறொருவர் போனாலும் கண்டுபிடித்துவிடுவார். போகும்போது பழைய படத்தின் பிரின்ட் கையில் இருக்கட்டும்.

பெரிய தில்லுமுல்லு மாதத்தில்தான் நடக்கிறது. டிசம்பரில் ததும்பும் நிலம் ஜூனில் வெடித்துக் கிடக்கும். அது அதன் இயல்பு. ஒரு டிசம்பர் படத்தையும் ஒரு ஜூன் படத்தையும் பக்கத்தில் வைத்து 'அழிந்தே போச்சு' என்று பகிர்வது, நல்ல நோக்கத்தில் செய்தாலும் பொய். ஆக்கிரமிப்பவருக்கும் அதே வித்தை தெரியும். வரிசையை மாற்றிவைத்து 'நிறைந்திருக்கிறது பாருங்கள்' என்பார். ஆகவே அதே மாதம், அதே நேரம். முந்தைய வாரம் மழை பெய்ததா என்றும் ஒரு வரி குறியுங்கள். காலையில் கிழக்கு நோக்கி எடுத்தால் தண்ணீர் கண்ணைக் கூசும், நிற்பது சம்புப் புல்லா ஆகாயத்தாமரையா என்றே தெரியாது.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தோடு ஒட்டியிருக்கும் தேதியும் இடமும் உதிர்ந்துவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், மூலக் கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே இடத்தில் எடுத்த இரண்டு படங்களைத் தேதி சொல்லாமல் கொடுத்து, எது முந்தியது, எப்படித் தெரியும் என்று கேளுங்கள். நாம் பார்க்காத குழாயையும் மண்மேட்டையும் அவர்கள் காட்டுவார்கள். பறவைக் கூட்டின் இடக்குறி மட்டும் பொதுவில் வேண்டாம். அடுத்த நாளே அங்கே பத்து லென்ஸ் நிற்கும்.