மைலோ டின்னில் கிடக்கும் பதக்கக் கணிப்புகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாங்கள் ஒட்டுக்கடை, அதாவது சின்னச் சாப்பாட்டுக் கடை, போட்ட வருஷம் 2008. பெய்ஜிங் ஒலிம்பிக் தொடங்குவதற்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் பழைய காலண்டர் தாளை நாலாகக் கிழித்து மேசையில் வைத்தார். மலேசியாவுக்கு யார் என்ன பதக்கம் வாங்குவார் என்று எழுதி, மடித்து, மைலோ டின்னில் போட வேண்டும். சரியாகச் சொன்னவருக்கு ஒரு வாரம் பசியாறல் (காலைச் சாப்பாடு) இலவசம். செம்பனை லோரி ஓட்டும் தம்பிகள், பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் எல்லாரும் எழுதினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் நிற்கவில்லை. தோக்கியோ ஒலிம்பிக்கின்போது கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு இருந்ததால் யாரும் கடையில் உட்கார முடியவில்லை. அப்போதுகூட புங்குஸ் (பொட்டலம்) வாங்க வந்தவர்கள் வாசலில் நின்றபடியே எழுதிக் கொடுத்தார்கள்.

போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது அந்த டின் கையில் கிடைத்தது. ஐந்து ஒலிம்பிக்கின் தாள்களும் ரப்பர் வளையம் போட்டு உள்ளே இருந்தன. கடை மூடிய பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தேன். அதிலிருந்து மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

2008, 2012, 2016 மூன்றிலும் அநேகமாக எல்லாத் தாளிலும் ஒரே வரி: லீ சோங் வெய், தங்கம். எங்கள் பூப்பந்து வீரரான அவர் மூன்று முறையும் வெள்ளியோடு வந்தார். 2012 லண்டன் இறுதி ஆட்டத்தில் சீனாவின் லின் டானிடம் கடைசி செட்டை 19-21 என்று விட்டார். இரண்டே இரண்டு புள்ளி! 2016 ரியோவில் அதே லின் டானை அரையிறுதியில் 22-20 என்று மூன்றாவது செட்டில் சாய்த்தபோது எங்கள் கடையில் மேசையைத் தட்டிய தட்டில் கண்ணாடிக் குவளை இரண்டு உடைந்தது. தங்கம் வந்துவிட்டது என்றே எல்லாரும் பேசினோம். இறுதியில் இன்னொரு சீன வீரர் சென் லோங் காத்திருந்ததை யாரும் நினைக்கவில்லை.

அந்தத் தாள்களில் இல்லாத பெயர்கள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தன. 2012-இல் முக்குளிப்பில் வெண்கலம் வாங்கிய சரவாக் பெண் பண்டெலெலா ரினோங்கை ஒருவர்கூட எழுதவில்லை. ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் மலேசியப் பெண் அவர்தான். 2021-இல் தோக்கியோவுக்கு ஆரோன் சியா, சோ வூய் இக் பூப்பந்து ஜோடியை எழுதியவர் ஒரே ஒருவர். அந்த ஜோடி காலிறுதியில் உலகின் முதல் நிலை இந்தோனேசிய ஜோடியை நேர் செட்டில் வீழ்த்தி, பிறகு வெண்கலமும் வாங்கியது. அந்த ஒருவர் தினமும் இரவு பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) பூப்பந்து ஆடுகிறவர். உள்ளூரில் ஆடுவதோடு நிற்காமல், வெளிநாட்டுப் போட்டிகளையும் தூக்கம் விட்டுப் பார்ப்பவர்.

எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான். நாம் எழுதுவது கணிப்பே இல்லை, ஆசை. விளம்பரப் பலகையில் யார் முகம் இருக்கிறதோ அவருக்குத் தங்கம் என்று எழுதிவிடுகிறோம். நாலு வருஷம் அவர்கள் எங்கே ஆடினார்கள், யாரிடம் எத்தனை புள்ளியில் தோற்றார்கள் என்று பார்ப்பதில்லை.

இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். நீல்சனின் கிரேஸ்நோட் நிறுவனம் இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்த பெரிய போட்டிகளின் முடிவுகளை வைத்துத்தான் பட்டியல் போடுகிறது. பாரிசில் அமெரிக்காவுக்கு 112 பதக்கம் என்றார்கள், வந்தது 126. அவர்கள் கணக்கே இப்படி இடறுகிறது. பொருளாதார நிபுணர்கள் மக்கள்தொகை, நாட்டு வருமானம், போட்டி நடத்தும் நாடு எது என்றெல்லாம் சேர்த்துக் கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் 2 லட்சம் பேர்கூட இல்லாத செயின்ட் லூசியாவுக்கு என்ன கிடைக்கும்? பாரிசில் அந்தத் தீவின் ஜூலியன் ஆல்ஃபிரட் பெண்கள் 100 மீட்டரில் தங்கம் வாங்கினார்.

அவ்வளவு தூரம் போவானேன். பிலிப்பைன்ஸின் பளுதூக்கும் வீராங்கனை ஹிடிலின் டியாஸ் 2020-இல் பயிற்சிக்காக நம் நாட்டுக்கு வந்து கட்டுப்பாட்டில் மாட்டிக்கொண்டார். மூங்கில் கம்பில் தண்ணீர் பாட்டில்களைக் கட்டித் தூக்கினார். அப்புறம் மலாக்காவில் ஒரு வீட்டில் தங்கிப் பயிற்சி செய்தார். 2021 ஜூலை 26-ஆம் தேதி தோக்கியோவில் 127 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தி, தன் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கினார். நம் மண்ணில் பழகிய ஒருவர் தங்கத்தோடு போனார். என் டின்னில் அவர் பெயர் இருக்க வாய்ப்பில்லைதான், ஆனால் மலாக்காவில் இருந்தார் என்பதே எங்கள் கடையில் பலருக்கு அன்றுதான் தெரியும்.

1992-இலிருந்து 2024 வரை நமக்குக் கிடைத்தது 8 வெள்ளி, 7 வெண்கலம். தங்கம் இல்லை. தங்கம் வாங்கினால் அரசு 10 லட்சம் ரிங்கிட் தருகிறது. அந்த ஏக்கம் எனக்கும் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏக்கத்தைத் தாளில் எழுதிவிட்டு, அது நடக்காதபோது ஆடியவரைத் திட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. பாரிசில் சைக்கிள் பந்தய வீரர் அஸிஸுல் ஹஸ்னி அவாங் முதல் சுற்றிலேயே, முன்னால் போகும் மோட்டார் வண்டி விலகுவதற்குள் அதைத் தாண்டிவிட்டார் என்று நீக்கப்பட்டார். அன்று என் கடையில் கேட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ரியோவில் வெண்கலம், தோக்கியோவில் வெள்ளி வாங்கிக் கொடுத்தவர் அவர்.

அதைவிட என் மனசில் நிற்பது 2024 ஆகஸ்ட் 3. பூப்பந்தில் பெர்லி டான், தீனா முரளிதரன் ஜோடி வெண்கலத்துக்காக ஜப்பானோடு ஆடி 11-21, 11-21 என்று தோற்றது. முந்தின அரையிறுதியில் சீன ஜோடியிடம் ஒரு செட்டைப் பறித்திருந்தார்கள். ஒலிம்பிக் பெண்கள் இரட்டையர் அரையிறுதிக்குப் போன முதல் மலேசிய ஜோடி அவர்கள்தான். ஆட்டம் முடிந்ததும் பின் மேசையிலிருந்து ஒருவர், “இதுக்குத்தான் இவ்வளவு நேரமா? சேனலை மாத்துங்கக்கா” என்றார். நான் மாற்றவில்லை. முன் மேசையில் பள்ளி டி-ஷர்ட்டோடு ஒரு பிள்ளை, நூல் அறுந்த மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்த்து, “ஆண்ட்டி, நாலாவதுன்னா உலகத்துலயே நாலாவதா?” என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன். பின் மேசை அமைதியாகிவிட்டது.

அந்தத் தோல்வியை ஒழுங்காகப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடந்தது ஆச்சரியமாக இருந்திருக்காது. ஒரு வருஷம் கழித்து, பாரிசில் அதே அரங்கில் நடந்த உலகப் போட்டியில் இருவரும் இறுதிவரை போய் வெள்ளி வாங்கினார்கள். நாலாவது இடம், நூலிழையில் போன செட், இவற்றில்தான் அடுத்த பதக்கத்தின் தடயம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2028 ஒலிம்பிக்குக்கு என் தாளை இப்போதே எழுதிவிட்டேன். பெர்லி, தீனா ஜோடிக்கு ஒரு பதக்கம். இன்னொன்று ஸ்குவாஷில். நிக்கோல் டேவிட் 8 முறை உலகப் பட்டம் வென்றார், 108 மாதம் தொடர்ந்து உலகின் முதலிடத்தில் இருந்தார். அவர் ஆடிய காலம் முழுக்க ஒலிம்பிக்கில் அந்த ஆட்டமே கிடையாது. அவர் ஓய்வு பெற்றது 2019-இல், 2028 ஒலிம்பிக்கில் ஸ்குவாஷைச் சேர்க்க முடிவானது 2023-இல். நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. இப்போது சிவசங்கரி சுப்ரமணியம் இருக்கிறார், கெடாப் பிள்ளை. 2022-இல் கார் விபத்தில் கழுத்தில் அடிபட்டு, அந்த வருஷக் காமன்வெல்த் போட்டிக்கே போக முடியாமல் கிடந்தவர். அடுத்த வருஷம் ஹாங்சோவில் ஆசியத் தங்கம். 2024-இல் லண்டனில் பட்டம். எகிப்துப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், சுலபமில்லை என்று தெரியும். அதனால் அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘பதக்கம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன், நிறம் எழுதவில்லை.

கடைக்கு வரும் எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இந்த முறை பெயரை மட்டும் எழுதிப் போட்டால் தாள் செல்லாது. அவர் கடைசியாக ஆடியதில் நீங்கள் பார்த்த ஆட்டம் எது, அதில் எத்தனை புள்ளி என்பதையும் கீழே எழுத வேண்டும். பெரிய போட்டி நடக்கும் நாட்களில் கடை டிவியில் பூப்பந்தும் ஸ்குவாஷும்தான் ஓடும், நாடகம் கேட்காதீர்கள். பசியாறல் பரிசை ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரமாக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன், சரி என்று சொல்லிவிட்டார்.