பெர்மிட் மாமா பேசுகிறேன்

இணையத்தில் சுற்றிய அந்த முகாம் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். செக்கச்சிவந்த பாறைகள், 12 பேர், நடுவில் கொழுந்துவிட்டு எரியும் தீ, மேலே பால்வீதி. கீழே வரிசையாக இதயங்கள். "சொர்க்கம் அண்ணா", "அடுத்த தடவை என்னையும் கூட்டிப் போங்க". நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "பெர்மிட் எத்தனை பேருக்கு எடுத்தீர்கள்?" அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'பெர்மிட் மாமா'.

சரி, மாமாவாகவே பேசுகிறேன்.

அது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா, நீடில்ஸ் பகுதி, செஸ்லர் பார்க் பக்கம். அந்த ஊசிப் பாறைகளை எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே நடந்து போய் இரவு தங்க பெர்மிட் வேண்டும். ஒரு குழுவில் 7 பேருக்கு மேல் கூடாது. தீ மூட்டவே கூடாது, சமைக்க ஸ்டவ் மட்டும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

"அதெல்லாம் பணம் பிடுங்குகிற வேலை" என்றார் ஒருவர். பெர்மிட்டுக்கு 36 டாலர், அதோடு ஆளுக்கு ஓர் இரவுக்கு 5 டாலர். அந்தப் படத்தை எடுத்த கேமராவின் விலையை நான் கேட்கவில்லை. விட்டுவிடுகிறேன்.

இன்னொருவர் சொன்னது நியாயம். இணையத்தில் பெர்மிட் முன்பதிவு திறக்கிற நேரத்தில் ஷிப்டில் நிற்கிறவன் எப்படிக் கணினி முன்னால் உட்காருவான்? எனக்கே இரண்டு வசந்த காலம் அப்படிக் கைவிட்டுப் போயிருக்கிறது. கடுப்பாகத்தான் இருந்தது. அதற்காக இருட்டில் நுழைந்துவிடவில்லை.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: பெர்மிட் எடுக்க உட்காரும்போதுதான் நாம் யோசிக்கவே ஆரம்பிக்கிறோம். எந்த இரவு எந்த முகாம், அங்கே தண்ணீர் உண்டா, இல்லை என்றால் எவ்வளவு சுமக்க வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வையுங்கள். இரண்டு நாளுக்கு 8 லிட்டர், அதாவது 8 கிலோ, தண்ணீர் மட்டும். கூடாரம், உறங்கும் பை, சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துக்கொண்டே இருந்தாலும் ஆபத்து. உடம்பில் உப்பு குறைந்து மயங்கி விழுவார்கள். உப்புப் பண்டம் கொறிக்க வேண்டும். மலத்தையும் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆமாம், சிரியுங்கள். மழை அபூர்வமான மண்ணில் அது எளிதில் மக்காது.

இதெல்லாம் எனக்குப் பிறவியிலேயே தெரியும் என்று நினைக்காதீர்கள். முதல் தடவை போனபோது ரேஞ்சர், அதாவது பூங்காக் காவலர், தெளிவாகச் சொன்னார், "வரைபடத்தில் இருக்கும் ஊற்று இப்போது வற்றியிருக்கலாம்" என்று. தலையாட்டிவிட்டு வந்தேன். ஓடை என்று நீலக் கோடு போட்டிருக்கிறதே, பொய்யா சொல்லும்? போய்ப் பார்த்தால் வெடித்த சேறும் ஒரு பல்லியும். மூன்று பேருக்குச் சேர்த்து 2 லிட்டர்தான் மிச்சம். சாயங்காலம் வரை ஒரு பாறை நிழலில் பேசாமல் படுத்திருந்து, பிறகு நடந்து நள்ளிரவுக்கு மேல் வெளியே வந்தோம். கூட வந்தவரில் ஒருவர் இன்றுவரை என்னோடு மலைக்கு வருவதில்லை. அவர் மேல் தப்பில்லை.

2024 ஜூலையில் இதே பூங்காவின் வேறொரு பகுதியில் ஓர் அப்பாவும் மகளும் வழி தவறி, தண்ணீர் தீர்ந்து இறந்துபோனார்கள். பகல் நடைக்குப் போனவர்கள். 38 டிகிரிக்கு மேல் வெயில். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்தப் பாறை நிழல்தான் ஞாபகம் வந்தது.

இப்போது வருவீர்கள் என்று தெரியும்: "2015இல் யூட்டாவின் இன்னொரு பூங்காவான ஸயானில், கீஹோல் பள்ளத்தாக்கில் வெள்ளம் அடித்துப்போன 7 பேரும் பெர்மிட் வைத்திருந்தவர்கள்தானே?" ஆமாம். அன்று காலைதான் வாங்கினார்கள், வெள்ளம் வர வாய்ப்பு அதிகம் என்ற எச்சரிக்கையும் இருந்தது. பெர்மிட் தாயத்து என்று நான் எப்போது சொன்னேன்? காகிதத்தை வாங்கிக்கொண்டு அதோடு வந்த வார்த்தையைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட மோசமான உதாரணம் இல்லை. நானும் கேட்காதவன்தான். எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது, அவ்வளவே.

அப்புறம் அந்தப் படம். பெரிதாக்கிப் பாருங்கள், கூடாரங்களுக்குக் கீழே கறுப்பாக மொறுமொறுவென்று ஒரு மண். அழுக்கில்லை, உயிர். நுண்ணுயிர்கள் மணலைப் பிணைத்துக் கட்டிய மேல்தோல். அதுதான் மண் காற்றில் பறக்காமல் பிடித்து வைக்கிறது. ஒரு மிதியில் உடைவது ஒழுங்காகத் தேற பல பத்தாண்டுகள் ஆகும். அதன்மேல் நான்கு கூடாரம். இதையும் கமெண்டில் எழுதினேன். "மாமா, மண்ணுக்கும் பெர்மிட்டா?" என்று பதில். அதற்கு மட்டும் 63 சிரிப்பு. எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று கேட்காதீர்கள்.

உண்மையில் வலித்தது அதுகூட இல்லை. சிரித்தவர்களில் மூன்று பேர் என்னோடு வந்தவர்கள். அவர்களோடு போன மூன்று பயணங்களுக்கும் விழித்திருந்து தேதி பிடித்தது நான். முகாம் மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டது நான். யாருக்கு முட்டி வலி, யாருக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது, எல்லாம் என் எக்செல் தாளில் இருக்கிறது. காகம் பையைக் கிழிக்கும் என்று உணவுக்குக் கெட்டியான டப்பா சுமந்ததும் நான். அவர்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள், வந்தார்கள், படம் எடுத்தார்கள். என்னை ஒரு படத்திலும் காணோம். எடுத்தவன் நான் என்பதால்.

"நீ பயந்தாங்கொள்ளி, அதான் இவ்வளவு திட்டம்" என்கிறார்கள். ஆமாம், பயம்தான். ஆபத்தில் உதவி கேட்க சாட்டிலைட் கருவி வைத்திருக்கிறேன், அதையும் முழுசாக நம்புவதில்லை. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம், எத்தனை மணி தாண்டினால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். 2003இல் யூட்டாவில் புளூஜான் பள்ளத்தாக்கில் பாறையில் கை மாட்டிய ஏரன் ரால்ஸ்டன் ஐந்து நாளுக்கு மேல் கிடந்து, தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

நேற்று இரவு அந்த 63இல் ஒருவர் இன்பாக்ஸுக்கு வந்தார். "மாமா, அக்டோபர்ல நாங்க போறோம், உங்க தண்ணி லிஸ்ட் அனுப்ப முடியுமா?" அரை மணி நேரம் பதில் சொல்லவில்லை. அப்புறம் தாளை அனுப்பிவிட்டேன், கடைசி வரியில் "ரேஞ்சரிடம் ஊற்றுகளைப் பற்றிக் கேட்கவும்" என்று சிவப்பில் போட்டு. கட்டைவிரல் ஒன்று வந்தது. பெர்மிட் எத்தனை பேருக்கு என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.