சர்ஜரிக்குப் போனேன், காகிதத்தோடு வந்தேன்

லண்டன் வந்த புதிதில் அம்மாவிடம் போனில், "நாளைக்கு சர்ஜரிக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். திருச்சியில் ஒரே களேபரம். எங்கே கத்தி வைக்கிறார்கள், கூட யார் இருக்கிறார்கள் என்று அழுகை. குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கு இங்கே பெயரே சர்ஜரிதான் என்று புரியவைப்பதற்குள் போன் கார்டு தீர்ந்துவிட்டது.

போன வருஷம் எனக்கு இடது தோள் இறுகிப்போனது. ஃப்ரோஸன் ஷோல்டர். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். நான் பதினோரு வருஷச் சர்க்கரைக்காரி. தலை பின்னக் கை எட்டவில்லை, மேல் தட்டுப் புளி டப்பாவுக்கு மகனைக் கூப்பிட வேண்டியிருந்தது. இரண்டு மாதம் தைலத்தில் ஓட்டிவிட்டு, ஒரு காலை எட்டு மணிக்கு சர்ஜரிக்குப் போன் போட்டேன். வரிசையில் பதினேழாவது ஆள்.

ரிசப்ஷனிஸ்ட் என்ன விஷயம் என்று கேட்டார். டாக்டரிடம் சொல்ல வேண்டியதை இவரிடம் எதற்குச் சொல்வது என்று எனக்கு எப்போதும் சுருக்கென்று வரும். அன்றைக்குச் சொன்னேன். "தோள்தானே, நேராக எங்கள் பிசியோவையே பாருங்களேன்" என்றார். தட்டிக்கழிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்படி இல்லை. அந்த பிசியோவுக்கு ஃபர்ஸ்ட் கான்டாக்ட் பிசியோ என்று பெயர். பக்கத்துப் பக்கத்து சர்ஜரிகளை 2019இல் கூட்டாகச் சேர்த்தார்கள். 2020இலிருந்து இந்த பிசியோக்களுக்கான சம்பளத்தை என்ஹெச்எஸ், அதாவது இங்கத்து அரசு மருத்துவ சேவை, அந்தக் கூட்டுகளுக்குத் தருகிறது. டாக்டரை முதலில் பார்க்க வேண்டியதில்லை. டாக்டரிடம் வழக்கமாகக் கிடைப்பது பத்து நிமிடம், இவரிடம் எனக்கு இருபது. உடம்பு முடியாதபோது வேலை இடத்தில் கொடுக்கும் சான்றிதழான ஃபிட் நோட்டில்கூட 2022 ஜூலையிலிருந்து பிசியோ கையெழுத்துப் போடலாம்.

முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். வலது கை கதவு மாதிரித் திறந்தது. இடது கை நகரவில்லை. அவரே பிடித்து மெதுவாகத் திருப்பினார், அப்போதும் இல்லை. ஸ்கேன் எதுவும் இல்லாமல் அதிலேயே கண்டுபிடித்துவிட்டார். குணமாக ஒன்று முதல் மூன்று வருஷம் ஆகலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். அப்புறம் உடற்பயிற்சிப் படம் போட்ட ஒரு காகிதத்தை நீட்டினார். அவ்வளவுதான்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஊரில் பிசியோ என்றால் கரண்ட் வைப்பார்கள், மெழுகு ஒத்தடம் கொடுப்பார்கள், பத்து நாள் போனால் பத்து நாளும் ஒருவர் கையைப் பிடித்துச் செய்துவிடுவார். இங்கே சர்ஜரி பிசியோவின் வேலை பெரும்பாலும் என்னவென்று கண்டுபிடித்து வழி காட்டுவது. தொடர் சிகிச்சை வேறு இடம், வேறு வரிசை. என் முறை வரப் பதினான்கு வாரம் ஆனது. என் சண்டை காத்திருப்போடுகூட இல்லை. தொடர் சிகிச்சை வேறு இடம் என்பதை அந்த இருபது நிமிடத்தில் ஒரு வரி சொல்லியிருந்தால், துரத்திவிட்டார்கள் என்று நினைத்து அந்தக் காகிதத்தை மூன்று வாரம் கைப்பைக்குள் கசங்க விட்டிருக்க மாட்டேன்.

பிறகுதான் சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஏற்ற ஆரம்பித்தேன். எட்டிய இடத்தில் பென்சில் கோடு, தேதி. மகனின் உயரத்தை வருஷா வருஷம் குறித்த அதே சுவர். இப்போது அவனுடைய பன்னிரண்டு வயசுக் கோட்டில் இருக்கிறேன். ஆக, காகிதம் வேலை செய்கிறது. படிக்க முடிந்தவர்களுக்கு.

எதிர்வீட்டு அக்காவுக்கு முழங்கால் வலி. பிசியோ போனிலேயே பேசினார், ஆங்கிலத்தில். இவர் எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்". வந்த காகிதம் மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. கேட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே ஏற்பாடு செய்வார்கள். ஆனால் கேட்கலாம் என்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்? அப்பாயின்ட்மென்ட் போடும்போது என்ன விஷயம் என்று விசாரிக்கிறவர்கள், எந்த மொழி என்றும் விசாரிக்கலாமே.

நானே போன் செய்து நேரில் பார்க்க வேண்டும், தமிழ் ஆள் வேண்டும் என்று சொல்லி வியாழக்கிழமைக்கு வாங்கிக் கொடுத்தேன். அக்காவுக்கு சந்தோஷம். "கரண்ட் வைப்பாங்களா?" என்றார்.

"வைக்க மாட்டாங்கக்கா."

"அப்புறம் எதுக்குடி?"