சி லைப்ரரியைப் பயனர் தலையில் கட்டாதீர்கள்

சி மொழியில் எழுதிய ஒரு லைப்ரரிக்கு பைத்தானிலோ ரூபியிலோ ரஸ்டிலோ பைண்டிங், அதாவது அந்த மொழியிலிருந்து அதைக் கூப்பிட உதவும் பேக்கேஜ், எழுதி வெளியிடுகிறவர், அந்த சி லைப்ரரியையும் சேர்த்தே தர வேண்டும். தந்த பிறகு அதன் பாதுகாப்புத் திருத்தங்களுக்கும் அவரே பொறுப்பேற்க வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டு "இந்த லைப்ரரி உங்கள் கணினியில் இருக்க வேண்டும்" என்று ரீட்மீயில் ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது என்று என்னால் ஏற்க முடியவில்லை. கோத்தகிரியில் இருந்துகொண்டு இங்குள்ள தேயிலை ஃபேக்டரிகளுக்கும் கடைகளுக்கும் மென்பொருள் எழுதித் தருகிறவன் நான். அந்த ஒரு வரி எங்கே போய் யார் தலையில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

படத்தைத் திறப்பது, எழுத்தை வரைவது, டேட்டாபேஸோடு பேசுவது, தகவலைப் பூட்டி அனுப்புவது, இந்த வேலைகளில் பெரும்பகுதியை இன்றும் சியில் எழுதிய லைப்ரரிகள்தான் செய்கின்றன. நாம் பைத்தானில் கூப்பிடுவது மேலே இருக்கும் மெல்லிய அடுக்கை மட்டும். அடுக்கை எழுதுவது எளிது என்று சொல்லவில்லை. ஆனால் அதைப் பத்து விதமான கணினிகளில் ஓட வைப்பதும் அதே வேலையின் பாதி. அந்தப் பாதிக்கு யாரும் பெயர் தருவதில்லை, நன்றியும் சொல்வதில்லை.

எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். சிறு விவசாயிகள் பச்சை இலையைக் கொடுக்கும்போது ஃபேக்டரியில் எடை போட்டு ஒரு சீட்டு தருவார்கள். பெயர், ஊர், எடை, கழிவு, நிகர எடை எல்லாம் அதில் இருக்கும். மாதக் கடைசியில் காசு வாங்கும்போது அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். இந்தச் சீட்டு அடிக்கும் சின்ன தெர்மல் பிரிண்டர்களில் பெரும்பாலும் தமிழ் எழுத்து கிடையாது. அதனால் எழுத்தை முதலில் படமாக வரைந்து, அந்தப் படத்தைப் பிரிண்டருக்கு அனுப்ப வேண்டும். பைத்தானில் அதற்கு எல்லோரும் எடுப்பது பில்லோ என்ற பட லைப்ரரி.

உபுண்டு போட்ட என் லேப்டாப்பில் "போஜன், கொடநாடு" என்று சுத்தமாக வந்தது. ஃபேக்டரியின் விண்டோஸ் கணினியில் அதே நிரல், அதே ஃபாண்ட், பில்லோவும் அதே பதிப்பு, ஆனால் பெயர் உடைந்து வந்தது. ப-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் போய் நின்றது. க-வின் கொம்புக்கும் அதே கதி. "டு" பிரிந்து, ட தனியாகவும் உகரக் குறி தனியாகவும் கிடந்தன. எடை போடும் அண்ணன் சீட்டைத் தூக்கிக் காட்டி, "தம்பி, பேரு இப்படி வந்தா இலை கொடுக்கிறவங்க சும்மா விடுவாங்களா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தானே. பணத்துக்கான சீட்டில் பெயரே தப்பாக இருந்தால் யார் நம்புவார்கள்?

காரணம் இதுதான். யூனிகோடில் "போ" என்பது ப முதலில், ஓகாரக் குறி அடுத்து என்று சேமிக்கப்படுகிறது. திரையிலோ காகிதத்திலோ வரையும்போது கொம்பை எடுத்து ப-வுக்கு முன்னால் வைப்பதும், ட-வையும் உகரத்தையும் ஒட்ட வைப்பதும் ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரியின் வேலை. பில்லோ அதை நேரடியாகக் கூப்பிடுவதில்லை, ராக்ம் என்ற இன்னொரு லைப்ரரி வழியாகக் கூப்பிடுகிறது. ராக்முக்கு ஃப்ரிபிடி என்ற மூன்றாவது ஒன்று வேண்டும். பில்லோ 8.2 பதிப்பிலிருந்து அதன் வீல்களுக்குள்ளேயே (கம்பைல் செய்யாமல் அப்படியே போடக்கூடிய ஆயத்த பேக்கேஜ் கோப்புகள்) ராக்ம் இருக்கிறது, ஆனால் எல்ஜிபிஎல் உரிமம் கொண்ட ஃப்ரிபிடி மட்டும் உள்ளே வைக்கப்படவில்லை. கணினியில் அது இருந்தால் ஓடும்போது எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் டெஸ்க்டாப்களில் வேறு மென்பொருள்களின் தயவில் அது ஏற்கெனவே இருக்கும். விண்டோஸில் அதற்கான டிஎல்எல்லை நாமே கொண்டுவந்து வைக்க வேண்டும். இதை பில்லோவின் ஆவணத்தில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார்கள், அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் விளைவைப் பாருங்கள். ஃப்ரிபிடியின் வேலை அரபி, ஹீப்ரு போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளைச் சமாளிப்பது. தமிழுக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் அது இல்லாவிட்டால் ராக்ம் ஓடாது, ராக்ம் ஓடாவிட்டால் ஹார்ஃப்பஸ் கிட்டாது, பில்லோ சாதாரண முறைக்கு இறங்கி எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே அடுக்கிவிடும். அப்போது எரர் எதுவும் வராது. ஆங்கிலம் எழுதுகிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. தமிழ் படிக்கத் தெரிந்தவர் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

பேக்கேஜிங்கில் மன்னிக்கக் கூடாத ஒன்று என்று நான் நினைப்பது இந்த மௌனத்தைத்தான். ஒரு லைப்ரரி இல்லையென்றால் இல்லை என்று சத்தமாகச் சொல்லி நின்றுவிடட்டும். இல்லாததை மறைத்து அரைகுறையாக ஓடுவது, நம்மைப் போன்ற மொழிக்காரர்கள் மேல்தான் வந்து விழுகிறது. அந்தச் சீட்டு நிரல் இப்போது தொடங்கியதும் பில்லோவின் ஃபீச்சர்ஸ் மாட்யூலில் ராக்ம் இருக்கிறதா என்று கேட்கும், இல்லையென்றால் ஒரு சீட்டுகூட அடிக்காது. பில்லோவில் தமிழ் வரைகிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும்.

சரி, சத்தமாகவே நின்றுவிடும் பேக்கேஜ்கள்? அவற்றின் கதை வேறு. ஊட்டியிலோ குன்னூரிலோ வீட்டில் உட்கார்ந்து நிரல் கற்கும் ஒரு பிள்ளை, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு பேச, சைக்காப்ஜி2 என்ற பைண்டிங்கைத் தன் லினக்ஸ் கணினியில் பைத்தானின் நிறுவும் கருவியான பிப்பில் போடுகிறாள். "பிஜி கான்ஃபிக் கிடைக்கவில்லை" என்று வருகிறது. அவள் கேட்டது பைத்தான் பேக்கேஜ், பதில் வருவதோ அவள் கேள்விப்படாத ஒன்றைப் பற்றி. போஸ்ட்கிரெஸின் சி லைப்ரரியான லிப்பிக்யூவின் டெவ் பேக்கேஜ் (கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள்) வேண்டும், பைத்தானின் டெவ் பேக்கேஜ் வேண்டும், கம்பைலர் வேண்டும். விண்டோஸில், ஆயத்த பைனரி இல்லாத வேறு பேக்கேஜ் என்றால் மைக்ரோசாஃப்ட்டின் பில்ட் டூல்ஸை ஜிபி கணக்கில் இறக்க வேண்டும். ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து கேபிள் அறுந்து, செல்போன் டேட்டாவை வைத்து ஓட்டும் வீட்டில் அது நடக்காத காரியம். அவளுக்கு அறிவு போதாமல் இல்லை. பதில் தேடத் தெரியாமலும் இல்லை. நெட் போதவில்லை, அவ்வளவுதான்.

இதைத் தீர்க்க முடியும் என்று பலர் காட்டியிருக்கிறார்கள். பைத்தான் உலகில் 2016-இல் மெனிலினக்ஸ் என்ற ஏற்பாடு வந்தது. அப்போது பழைய சென்ட்ஓஎஸ் 5 லினக்ஸ் மேல் வைத்துக் கம்பைல் செய்தார்கள், அங்கிருந்த பழைய ஜிலிப்சியை (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) நம்பியே பைனரி உருவானது, புதிய லினக்ஸ்களிலும் ஓடியது. ஆடிட்வீல் என்ற கருவி தேவையான சி லைப்ரரிகளை வீலுக்குள் நகலெடுத்து, வேறு நகலோடு மோதாதபடி பெயரில் ஒரு ஹாஷையும் சேர்த்துவிடும். ஜிலிப்சிக்குப் பதிலாக மஸ்ல் மேல் ஓடும் ஆல்பைன் லினக்ஸுக்கு 2021-இல் தனி ஏற்பாடு வந்தது. ரூபியின் நோகோகிரி, எக்ஸ்எம்எல் படிக்கும் சி லைப்ரரியான லிப்எக்ஸ்எம்எல்2-வை உட்காரவைத்துக் கம்பைல் செய்யும் என்று பெயர் வாங்கிய பேக்கேஜ். 2021 ஜனவரியில் 1.11 பதிப்பு லினக்ஸுக்கும் மேக்குக்கும் ஆயத்த பைனரியோடு வந்தபின் அந்தக் காத்திருப்பே போய்விட்டது.

எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் சொல்வதும் பொய்யில்லை. ஒவ்வொரு பேக்கேஜும் தனக்கென ஒரு நகலை உள்ளே வைத்துக்கொண்டால், பாதுகாப்பு ஓட்டை வந்தால் எத்தனை இடத்தில் அடைப்பது? டெபியன் லினக்ஸ் தன் கொள்கையிலேயே இப்படி நகல் வைப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைத் திறக்கும் லிப்வெப்பியில் மோசமான ஓட்டை வெளியானபோது, டெபியனின் லைப்ரரியைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு அப்டேட் போதுமாக இருந்தது. வீலுக்குள் நகல் வைத்திருந்தவர்கள் புதிய வீல் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பில்லோ அந்த மாதமே 10.0.1-ஐ வெளியிட்டு, உள்ளே லிப்வெப்பி 1.3.2-ஐ வைத்தது. பொறுப்பேற்பது என்று நான் சொல்வது இதைத்தான். எத்தனை பேர் அப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் எனக்கும் கவலை வருகிறது.

சைக்காப்ஜி2 விஷயமும் அப்படித்தான். 2.7 பதிப்பு வீலுக்குள், தகவலைப் பூட்டி அனுப்பும் லிப்எஸ்எஸ்எல்லையும் வைத்துத் தந்தது. பைத்தானே தன் பங்குக்கு வேறொரு லிப்எஸ்எஸ்எல்லை ஏற்றும். ஒரே ப்ராசஸில் இரண்டு நகல், பல த்ரெட்கள் ஓடும்போது நிரல் செத்து விழுந்தது. அதனால் 2.8-இல் லினக்ஸுக்கும் மேக்குக்கும் பழைய பெயரில் சோர்ஸை மட்டும் வைத்துக்கொண்டு, ஆயத்த பைனரியை வேறு பெயரில் பிரித்துவிட்டார்கள். அவர்கள் பட்ட பாடு உண்மை. ஆனாலும் பிரித்ததில் புதிதாக வருகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது கம்பைலர் கேட்கும் பெயர் என்பது எனக்கு உறுத்துகிறது.

ரஸ்டில் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. எஸ்க்யூலைட் டேட்டாபேஸுக்கான பேக்கேஜில் "பண்டில்ட்" என்று ஒரு ஃபீச்சரைப் போட்டால் சி சோர்ஸை உள்ளிருந்தே கம்பைல் செய்யும், போடாவிட்டால் கணினியில் இருப்பதைத் தேடும். கதவு இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. என் விருப்பமெல்லாம், எதையும் குறிப்பிடாதவருக்கு உள்ளேயே இருப்பது கிடைக்கட்டும், டெபியன்காரர் போலத் தெரிந்து கேட்பவர் வெளியில் இருப்பதை எடுத்துக்கொள்ளட்டும் என்பதே. கூடவே, எந்த சி லைப்ரரியின் எந்தப் பதிப்போடு ஓடுகிறது என்று கேட்டால் சொல்ல ஒரு ஃபங்ஷன். அது இருந்தால் ஓட்டை வரும் நாளில் ஃபேக்டரி கணினியை ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம்.

இத்தனையும் சம்பளமில்லாமல் செய்கிறவர்களிடம் கேட்கிறேன் என்பது தெரியும். அதனால் கேட்பதோடு நிறுத்த முடியாது. சிஐபில்ட்வீல் என்ற கருவி இருப்பதால் லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றுக்கும் வீல் உருவாக்குவதை ஒரு சின்ன கான்ஃபிக் கோப்பில் எழுதிவிடலாம், சொந்தமாக மூன்று கணினி வைத்திருக்கத் தேவையில்லை. நான் தினமும் பயன்படுத்தும் ஒரு சிறிய பார்கோடு பைண்டிங்குக்கு விண்டோஸ் வீல் இல்லை. அதற்கான கோப்பை எழுதி, சோதித்து, அதைப் பராமரிப்பவருக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் ஏற்றுக்கொண்டால் அடுத்து ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினிக்கு.