பெயின்ட் அப்புறம் அடிக்கலாம், முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

பழைய அம்பாசிடர் வாங்கிய கையோடு முக்கால்வாசிப் பேர் செய்கிற முதல் காரியம், வண்டியைப் பெயின்ட் ஷாப்பில் கொண்டுபோய் விடுவது. மாதக்கணக்கில் அங்கே கிடக்கும், லட்சக்கணக்கில் செலவாகும், அப்புறம் பளபளவென்று வெளியே வந்ததும் ஃபோட்டோ எடுத்து இங்கே போடுவார்கள், நாமும் ஹார்ட் போடுவோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பி, செங்கல்பட்டு தாண்டுவதற்குள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பார்கள். "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்று டீக்கடையில் ஒருவர் தீர்ப்பும் சொல்லிவிடுவார். பெட்ரோல் டியூப் முப்பது வருடப் பழசாக இருந்தால் எந்த வண்டியும் நிற்கத்தான் செய்யும்.

என் அக்கா மகன் இப்போதுதான் ஒரு மார்க் 4 மாடல் அம்பாசிடர் வாங்கியிருக்கிறான். பெட்ரோல் வண்டி, பாடி பரவாயில்லை. வாங்கிய நாளிலிருந்து "மாமா, என்ன கலர் அடிக்கலாம்" என்பதுதான் கேள்வி. அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். முதல் ஒரு வருடம் கலர் பேச்சே வேண்டாம். கையில் இருக்கிற காசு பிரேக்குக்கும் பெட்ரோல் லைனுக்கும் ரேடியேட்டருக்கும் ஒயரிங்குக்கும் டயருக்கும் போகட்டும். ஒரு வருடம் ஒழுங்காக ஓட்டினால் எங்கே ஒழுகுகிறது, எங்கே சத்தம் வருகிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். அப்போதும் காசு மிஞ்சினால் (மிஞ்சாது) கலரைப் பற்றி யோசிக்கலாம்.

இந்த வண்டியை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாவது சீரிஸை வாங்கி, உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1958இல் இருந்து 2014 வரை செய்த வண்டி இது. அதில் ரொம்ப வருடம் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி சீரிஸ். எம்.ஜி.ஏ. என்கிற ஸ்போர்ட்ஸ் காரில் முதலில் வந்ததும் இதே 1489 சி.சி.தான். ஐம்பது அறுபது வருடமாக உலகம் முழுக்கப் பிரித்து மாட்டிப் பார்த்த இன்ஜின் என்பதால் அதில் ரகசியம் எதுவும் பாக்கியில்லை. கெட்டுப்போவதற்கு முன்னால் சத்தமாகவோ வாசனையாகவோ சொல்லிவிட்டுத்தான் கெட்டுப்போகும். கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பிரேக்கில் ஆரம்பியுங்கள். பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் ஒரே பிரேக் ஆயில் சர்க்யூட். எங்கேயாவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொடும், கையில் மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும். அதனால் "இப்போ நல்லாத்தானே பிடிக்குது" என்ற பேச்சுக்கே இடமில்லை. மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர் கிட், முன்னால் இரண்டு பின்னால் ஒன்று என்று மூன்று ரப்பர் ஹோஸ், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், உள்ளே துருப் பிடிக்கும், பிஸ்டன் இறுகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதை முழுசாக மாற்ற வேண்டும். டயரையும் பட்டனை (தரையில் படும் மேடு பள்ளங்களை) பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓடாமல் நின்ற வண்டியில் பட்டன் புதுசாகவே இருக்கும், ஓரத்தில் வெடிப்பு ஓடியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கிறதே, முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 2312 என்றால் 2012இன் 23ஆவது வாரம். அதை வைத்துக்கொண்டு பைபாஸில் எண்பதில் போகக் கூடாது.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் கனவில்கூட நினைக்காத சரக்கு. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து மெதுமெதுவென்று ஆக்கிவிடும், தண்ணீரை இழுத்து டேங்கின் அடியில் தேக்கும், டேங்க் உள்பக்கம் துருப் பிடிக்கும், அந்தத் துரு நேராக, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் ஜெட் துளையில் போய் உட்காரும். வழியில் நின்றுபோகும் வண்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான் என்பது என் கணிப்பு. டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். எத்தனால் தாங்கும் ஹோஸ் எது என்று கேட்டு வாங்கி, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை மாற்றுங்கள். பைக்குக்குப் போடும் மலிவு டியூப் வேண்டவே வேண்டாம், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியோடு போய்விடும். ஒரு நல்ல ஃபில்டர் போடுங்கள். மாதக்கணக்கில் பெட்ரோலை டேங்கில் தேங்கவிடாதீர்கள். சொல்ல மறந்தேன், ஒரு தீயணைப்பு சிலிண்டர் முன் சீட்டுக்குக் கீழே எப்போதும் இருக்கட்டும்.

எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை கொஞ்சம் லீனாக (பெட்ரோல் குறைந்து, காற்று கூடி) போகும், இழுவை குறைந்த மாதிரி இருக்கும், இன்ஜின் சூடாகும். எஸ்.யூ. என்ற வகைக் கார்புரேட்டர் உள்ள வண்டியென்றால் ஜெட் நட்டைக் கொஞ்சம் இறக்கி ரிச் செய்ய (பெட்ரோலைக் கூட்ட) வேண்டும். அதே எஸ்.யூ.வின் தலையில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திருகினால் ஒரு கம்பியோடு வெளியே வரும். உள்ளே மெல்லிய ஆயில் இருக்க வேண்டும். நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அது காய்ந்து கிடந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு நொடி திக்கும். அதற்கு மெக்கானிக் பம்ப்பை மாற்றுவார், பிளக்கை மாற்றுவார், காயிலை மாற்றுவார், ஆயிரக்கணக்கில் பில் போடுவார். அந்த மூடியை மட்டும் யாரும் திறக்க மாட்டார்கள்.

சித்திரை வெயிலில் இன்ஜின் பக்கத்துப் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி ஓட்டிய தலைமுறை நம்முடையது. அது சும்மா சாங்கியம் இல்லை, லைனில் பெட்ரோல் ஆவியாகி அடைப்பதைத் தடுக்கத்தான். இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் சூடான புகை போகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், நடுவில் இருக்க வேண்டிய ஹீட் ஷீல்டு தகட்டை யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருப்பார்கள். அதைத் தேடி மாட்டினால் ஈரத்துணிக்கு வேலை குறையும்.

ரேடியேட்டருக்கு வந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே உப்பு கட்டியிருக்கும், சூடாகிறது என்று போனால், சூட்டுக்கு ஏற்ப தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி கையில் கொடுப்பார்கள். "நம்ம ஊருக்கு இது தேவையில்ல சார்." தேவை. இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், உள்ளே தேய்மானம் கூடும். ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்து, ரெடிமேட் கூலண்ட் ஊற்றி, நல்ல தெர்மோஸ்டாட் ஒன்று போடுங்கள். அப்புறமும் சூடானால்தான் இன்ஜின் ஹெட்டைப் பற்றிப் பேச வேண்டும். அப்படி ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வு சீட் (இன்ஜின் வால்வு வந்து உட்காரும் வளையம்) போட்டுவிடுங்கள். 2000 பிப்ரவரிக்குப் பிறகு நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை, அந்த ஈயம்தான் பழைய சீட்டுகளைத் தேயாமல் காத்தது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டின் கேப் 0.4 மில்லிமீட்டர், பிளக் கேப் 0.6 மில்லிமீட்டர், டேப்பட் (வால்வு) கேப் 0.38 மில்லிமீட்டர். இந்த இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கி நீங்களே பழகிக்கொள்ளுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். பாயிண்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும் கன்டென்சர், பழைய லூக்காஸ் டி.வி.எஸ். தயாரிப்பாகக் கிடைத்தால் விடாதீர்கள், இப்போது வருகிற சில கன்டென்சர்கள் வீட்டுக்கு வருவதற்குள் போய்விடுகின்றன.

இன்ஜின் ஆயில் 20டபிள்யூ 50 மினரல் ஆயிலே போதும், மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுங்கள். புதுக் காருக்கு ஊற்றுகிற விலை கூடிய மெல்லிய சிந்தெடிக்கை இதில் ஊற்றினால் எல்லா சீல் வழியாகவும் தரைக்கு வந்துவிடும். கிரீஸை மறந்துவிடாதீர்கள். புதுக் கார்களில் பழகியவர்களுக்கு கிரீஸ் ஏற்றும் சின்ன முனை, கிரீஸ் நிப்பிள் என்று ஒன்று இருப்பதே தெரியாது. முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட், எல்லாவற்றிலும் உண்டு. பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு வண்டியை ஷெட்டில் கவர் போட்டு மூடி வைப்பவர்களை என்ன சொல்ல? தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார்கள், பெரிய பராமரிப்பு என்று நினைப்பு. இன்ஜின் சூடாவதற்குள் அணைத்தால் எரிந்த புகையிலிருந்து வரும் தண்ணீர் சைலன்ஸரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். அதற்கு ஸ்டார்ட் செய்யாமலே விடலாம். வாரம் ஒரு முறை இருபது கிலோமீட்டராவது ரோட்டில் ஓட்டுங்கள். எலியும் ஒயரைக் கடிக்காது.

ஸ்பேர் விஷயத்தில் மட்டும் அவசரப்படுங்கள். சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் இன்னும் நிறையக் கிடைக்கிறது, ஆனால் இந்தச் சந்தை இவ்வளவு நாள் உயிரோடு இருந்ததற்கு ஒரு பெரிய காரணம் கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சிகள். உற்பத்தி நின்றது 2014இல், அங்கே டாக்சிக்கு 15 வருட வரம்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்பாசிடர் என்ற பெயரை 2017இல் பியூஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது, அதனால் நமக்கு ஒரு வீல் சிலிண்டர்கூட வரவில்லை. தேயும் சாமான்களை இப்போதே இரண்டு செட் வாங்கி வையுங்கள்.

பேப்பரைப் பற்றி இரண்டு வரி. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 50 வருடம் தாண்டினால் வின்டேஜ் நம்பர் வாங்கலாம் என்று 2021இல் விதி வந்தது, கெத்தாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நம்பரோடு தினசரி உபயோகத்துக்கு ரோட்டில் எடுக்க முடியாது. ஓட்ட ஆசைப்படுபவர்கள் அதன் பக்கம் போகாதீர்கள்.

கமென்ட்டில் இரண்டு கோஷ்டி வரும், தெரியும். ஒரு கோஷ்டி "ஒரிஜினலைத் தொடாதே" என்பார்கள். சீட் பெல்ட், ஹெட்லைட்டுக்கு ரிலே, ரேடியல் டயர், இந்த மூன்றையும் போட்டதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இன்னொரு கோஷ்டி "இதைத் தூக்கிட்டு டீசல் இன்ஜின் போட்டுடு ப்ரோ" என்பார்கள். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றாமல் மாற்றினால், விபத்து என்று வரும்போது இன்ஷூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். அதையும் மீறி மாற்றியே தீருவேன் என்கிறவர்கள், கழற்றிய பெட்ரோல் இன்ஜினை எடைக்குப் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.